ஆல்ட்+டேப்: விரலை எடுக்கும்போது நடப்பது

"எக்செல்லையும் வேர்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து வேலை செய்கிறேன். ஆல்ட்+டேப் தட்டினால் சரியாக மற்றதற்குப் போகிறது. மூன்றாவதாக ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடுகிறது. கணினி எந்த வரிசையில்தான் போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

ஒழுங்கான வரிசை ஒன்று இருக்கிறது. ஆனால் டாஸ்க்பாரில் இடமிருந்து வலமாகத் தெரிகிறதே, அதை வைத்துக்கொண்டு தேடினால் பிடிபடாது. விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்த நொடி நீங்கள் வேலை செய்யும் சாளரம் அதில் முதலிடம். அதற்கு முன் பார்த்தது இரண்டாவது, அதற்கும் முன் பார்த்தது மூன்றாவது. அலுவலக மேசையில் கோப்புகளை அடுக்கி வைத்து, எதை உருவிப் படித்தாலும் முடித்ததும் அடுக்கின் உச்சியிலேயே போடுகிறவரின் பழக்கம்தான் இது. நாலு நாள் தொடாத கோப்பு யாரும் சொல்லாமலே அடிக்குப் போய்விடும்.

விசைகள் கணினிக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம், பின்னால் உதவும். எளிய யூஎஸ்பி விசைப்பலகை ஒவ்வொரு மாற்றத்துக்கும் 8 பைட் கொண்ட ஒரு சிறு அறிக்கை அனுப்புகிறது. முதல் பைட்டின் எட்டு பிட்களும் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், விண்டோஸ் விசைகளுக்கு. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு. இரண்டாவது பைட் காலி. மீதி ஆறிலும் சாதாரண விசைகளின் எண்கள் வரும். இடது ஆல்ட்டின் மதிப்பு 4, டேப்பின் எண் 43. ஆக, ஒருமுறை ஆல்ட்+டேப் தட்டினால் வரும் அறிக்கைகள் நான்கு: ஆல்ட் அழுந்தியதும் 4, 0, 0, 0, 0, 0, 0, 0. டேப்பும் சேர்ந்ததும் 4, 0, 43, 0, 0, 0, 0, 0. டேப்பை விட்டதும் மறுபடி முதல் அறிக்கையே. ஆல்ட்டையும் விட்டதும் எட்டும் பூஜ்யம். விசையை விட்டதற்கென்று தனிச் செய்தி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முன் அறிக்கையில் இருந்த எண் இந்த அறிக்கையில் காணவில்லை என்றால், விரல் எடுக்கப்பட்டது என்று கணினி புரிந்துகொள்கிறது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். பட்டியலை எந்தத் தருணத்தில் மாற்றி அடுக்குவது?

டேப்பைத் தட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றலாமே என்றுதான் முதலில் தோன்றும். போட்டுப் பாருங்கள். பட்டியல் எக்செல், வேர்டு, உலாவி, பிடிஎஃப் என்று இருக்கிறது. முதல் தட்டில் இரண்டாம் இடத்து வேர்டு முன்னே வருகிறது, எக்செல் இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. அடுத்த தட்டும் இரண்டாம் இடத்தில் இருப்பதைத்தான் எடுக்கும், அதாவது எக்செல்லை. மூன்றாம் தட்டில் மறுபடியும் வேர்டு. விடிய விடியத் தட்டினாலும் உலாவியை எட்டவே முடியாது!

அதனால்தான் ஆல்ட் அழுந்தியிருக்கும் வரை பட்டியல் உறைந்து நிற்கிறது. டேப் தட்டுவதெல்லாம் அந்த உறைந்த பட்டியலில், தேர்வைக் காட்டும் கட்டத்தை ஒவ்வொரு படியாக நகர்த்துவது மட்டுமே. ஷிஃப்ட்டையும் சேர்த்துத் தட்டினால் கட்டம் பின்னோக்கிப் போகும். எஸ்கேப் அழுத்தினால் எதுவும் மாறாமல் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். ஆல்ட்டிலிருந்து விரலை எடுக்கும் கணத்தில்தான் தீர்ப்பு: கட்டம் எதன் மேல் நிற்கிறதோ அது திறக்கிறது, பட்டியலின் தலைக்கும் போகிறது. பெரும்பாலான குறுக்குவிசைகள் அழுத்தும்போது வேலை செய்யும். இது விடும்போது வேலை செய்கிறது. 'சரி' பொத்தானும் கிடையாது, என்டர் தட்டவும் வேண்டாம். எப்படியும் எடுத்தே ஆகவேண்டிய விரலை எடுப்பதையே சம்மதமாக வைத்துக்கொண்டார்கள். கணினித் திரையில் இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

இனி வாசகரின் குழப்பம். இரண்டு சாளரங்கள் என்றால் ஒரு தட்டு, அவ்வளவுதான். போனதும் வந்ததும் மாறி மாறி முதல் இரண்டு இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். மூன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டுமானால், ஆல்ட்டை விடாமல் டேப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு விடுங்கள். மேலே சொன்ன பட்டியலில் உலாவி தலைக்கு வந்து உலாவி, எக்செல், வேர்டு, பிடிஎஃப் என்று ஆகும். மறுபடி இரண்டு தட்டு: வேர்டு, உலாவி, எக்செல், பிடிஎஃப். இன்னொரு முறை இரண்டு தட்டு: எக்செல், வேர்டு, உலாவி, பிடிஎஃப். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். பிடிஎஃப் கடைசி இடத்தைவிட்டு அசையவே இல்லை. அதற்குப் பின்னால் இருபது சாளரங்கள் திறந்து கிடந்தாலும் இந்த மூன்றுக்கும் இரண்டு தட்டுதான். நடுவில் ஒருமுறை மறந்துபோய் ஒற்றைத் தட்டு தட்டிவிட்டால் சுற்றும் திசை தலைகீழாகிவிடும். குழப்பம் என்று அவர் சொல்வது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எடுத்ததை முன்னால் வை என்ற இந்த எளிய விதி எவ்வளவு நல்லது என்பதற்குக் கணித நிரூபணமே உண்டு. 1985-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி&டியின் பெல் ஆய்வகத்தில் இருந்த டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜான் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு பட்டியலில் அடுத்தடுத்து எவையெல்லாம் கேட்கப்படும் என்று முன்கூட்டியே முழுக்கத் தெரிந்த ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ப அவர் பட்டியலை எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் சரி, எதிர்காலம் பற்றி எதுவுமே தெரியாத நம் விதிக்கு ஆகும் செலவு (எத்தனை படி வேலை என்ற கணக்கு) அவருடைய செலவைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டாது. ஒரே பட்டியலில் இருவரும் தொடங்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஜோசியம் தெரிந்தவரோடு போட்டி போட்டு இரண்டு மடங்குக்குள் நிற்பது சாதாரண விஷயமில்லை.

அவர்கள் ஆல்ட்+டேப்பை மனதில் வைத்து எழுதவில்லை. அதே கட்டுரையின் மறுபாதி, நினைவகம் நிரம்பினால் அதிலுள்ள எந்தப் பக்கத்தை, அதாவது எந்தத் துண்டை, வெளியேற்றுவது என்பதைப் பற்றியது. அந்தப் பிரச்சினை இன்றைய எல்லாக் கணினிகளிலும் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் பீஜிப்2 மென்பொருளிலும் இதே முன்னால்-வை விதி ஒரு படியாக இருக்கிறது. டார்ஜானுக்கு 1986-இல் ஜான் ஹாப்கிராஃப்டோடு சேர்த்து டூரிங் விருது கிடைத்தது. ஒரு தொலைபேசி நிறுவனம், பட்டியலில் எதை முன்னால் வைப்பது என்று உட்கார்ந்து யோசிப்பதற்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது! நம் ஊரில் இப்படியொரு ஆய்வுக்கு நிதி கேட்டால், இதனால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியிலேயே பாதி விண்ணப்பங்கள் உயிரைவிடும் என்பது என் எண்ணம்.

விதி சறுக்கும் இடமும் உண்டு. ஐந்து சாளரங்களை ஒன்று விடாமல் சுற்றி வந்தால், நீங்கள் தேடுவது எப்போதும் ஐந்தாம் இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் நாலு தட்டு. அதற்கு விண்டோஸ் விசையோடு எண் விசை மேல். விண்டோஸ்+1 டாஸ்க்பாரில் முதலில் இருக்கும் செயலியைத் திறக்கும், விண்டோஸ்+2 இரண்டாவதை, இப்படி 9 வரை. இங்கே இடம் மாறாது. ஒரே செயலியில் மூன்று கோப்புகள் திறந்திருந்தால் விண்டோஸ் விசையை விடாமல் எண்ணைத் திரும்பத் திரும்பத் தட்டவேண்டும். கண்ட்ரோலையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் செயலியில் கடைசியாகப் பார்த்த கோப்புக்கே நேராகப் போகும்.

இனிக் கோளாறுகள். தீர்ப்பு விரலை எடுப்பதில் இருக்கிறது என்றேன், கோளாறும் அங்கேதான் பிறக்கிறது. வேறொரு கணினியை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பைச் சிறிய சாளரமாக வைத்து வேலை செய்யும்போது ஆல்ட்டை அழுத்தியது தொலைவில் உள்ள கணினிக்குப் போகிறது. ஆனால் ஆல்ட்+டேப்பை உங்கள் கணினி பிடித்துக்கொண்டு வேறு சாளரத்துக்கு மாற்றிவிடுவதால், விரலை எடுத்தது அங்கே போய்ச் சேராமல் போகலாம். ஆல்ட் இன்னும் அழுந்தியே இருக்கிறது என்று அந்தக் கணினி நம்பிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து தட்டச்சு செய்தால் எழுத்து விழாமல் மெனு மெனுவாகத் திறக்கும். அங்கே போய் ஆல்ட்டை ஒருமுறை அழுத்தி விட்டால் போதும், கணினியை மறுபடி தொடங்கவேண்டிய அவசியமில்லை. அந்தக் கணினிக்குள்ளேயே சாளரம் மாற்ற ஆல்ட்+பேஜ்அப் இருக்கிறது. உங்கள் சொந்த விசைப்பலகையிலேயே ஆல்ட் ஒட்டிக்கொண்டால் இடுக்கில் தூசி புகுந்திருக்கலாம். ஆயுத பூஜைச் சந்தனத்தை மானிட்டர் ஓரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பட்டியல் திடீரென்று நீண்டுபோனால் எட்ஜ் உலாவியைச் சந்தேகியுங்கள். 2020-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அதன் தாவல்களும் தனித்தனிச் சாளரங்கள்போல் ஆல்ட்+டேப்பில் வரிசைகட்டுகின்றன. அமைப்புகளில் சிஸ்டம், அதற்குள் மல்டிடாஸ்கிங் என்று போய்த் தாவல்களைக் காட்டவேண்டாம் என்று மாற்றிவிடலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆங்கிலம், தமிழ் என்று இரண்டு விசைப்பலகைகளை நிறுவியிருந்தால், இடது ஆல்ட்+ஷிஃப்ட் மொழியை மாற்றும். டேப்பை ஒன்று கூடுதலாகத் தட்டிவிட்டோமே என்று பின்னால் போக ஷிஃப்ட்டை அழுத்தி, மனம் மாறி இரண்டையும் விட்டால் மொழி மாறிவிட வாய்ப்புண்டு. அடுத்த வரி 'அம்மா'வுக்குப் பதில் ஏதோ ஆங்கில எழுத்துகளாக விழும். மொழி மாற்ற விண்டோஸ்+ஸ்பேஸ் இருக்கவே இருக்கிறது. மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளுக்குள் போய் ஆல்ட்+ஷிஃப்ட் கூட்டை நீக்கிவிடுங்கள்.

குறுக்குவிசை ஒன்று அடியோடு வேலை செய்யவில்லை என்றால், பின்னணியில் ஓடும் வேறொரு மென்பொருள் அதே கூட்டைத் தன் பெயரில் பதிவு செய்திருக்கலாம். ஒருவர் பதிந்ததை அடுத்தவருக்கு விண்டோஸ் தராது. திரையைப் படம்பிடிக்கும் கருவிகளில் முதலில் தேடுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விண்டோஸ்+இடது அல்லது வலது அம்பு, சாளரத்தைப் பாதித் திரையில் ஒட்டும். மேல் அம்பு முழுத்திரை. விண்டோஸ்+டி எல்லாவற்றையும் மறைத்து டெஸ்க்டாப்பைக் காட்டும். அங்கே போனதும் கணினி வேகமாகட்டும் என்று எஃப்5-ஐ நாலைந்து தடவை அழுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது டெஸ்க்டாப்பில் உள்ள படவுருக்களைத் திரும்ப வரைவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. நினைவகத்தில் ஒரு பைட்கூட இதற்காக விடுபடாது. எலுமிச்சம்பழம் சுற்றுவதற்கும் இதற்கும் பலனில் பெரிய வித்தியாசமில்லை.

கடைசியாக, காணாமல் போகும் சாளரம். புரொஜெக்டரையோ இரண்டாவது மானிட்டரையோ கழற்றிய பிறகு சில சமயம் ஒரு செயலி திறந்திருப்பதாக டாஸ்க்பார் சொல்லும், திரையில் மட்டும் இருக்காது. இல்லாத திரையின் இடத்தில் அது இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. ஆல்ட்+டேப்பால் அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்+ஸ்பேஸ் அழுத்துங்கள். வரும் மெனுவில் 'மூவ்' என்பதற்குக் கீழ் அம்பால் இறங்கி என்டர் தட்டுங்கள். ஆங்கில உள்ளீட்டில் இருந்தால் எம் விசையே போதும். 'மூவ்' மங்கலாக இருந்தால் சாளரம் முழுத்திரை நிலையில் இருக்கிறது என்று பொருள். அதே மெனுவில் முதலில் 'ரீஸ்டோர்' கொடுத்துவிட்டு மறுபடி வாருங்கள். பிறகு ஏதாவது ஓர் அம்பு விசையை ஒருமுறை தட்டவேண்டும், இதை விட்டுவிட்டால் அடுத்தது நடக்காது. இப்போது மவுஸை அசைத்தால் சாளரம் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். வேண்டிய இடத்தில் ஒரு கிளிக்.