வயல்சேற்றுக் கொப்புளத்தை யாராவது பார்க்கிறார்களா?

நட்டு ஒரு மாதம் ஆன வயலில் களை எடுக்க இறங்கியவர்களுக்குத் தெரியும். கால் சேற்றில் புதையும்போது கணுக்காலைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாக மேலே வரும். நண்டு மூச்சு விடுகிறது என்று பெரியப்பா சொன்னதைப் பத்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நண்டு இல்லை, மீத்தேன்.

மன்னார்குடிப் பக்கம் இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பூமிக்கு அடியில் நிலக்கரிப் படிவத்தில் இருக்கும் மீத்தேனை உறிஞ்சும் திட்டம் வந்தபோது டீக்கடை பெஞ்சு வரை அந்தப் பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் தம் கடைசி நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பேசியது அதை எதிர்த்துத்தான். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில் அவர் காலமானார். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது.

நான் சொல்லும் மீத்தேன் அது அல்ல. இது வயலின் மேல்சேற்றிலேயே உருவாவது. தண்ணீர் கட்டி நிற்கும்போது மண்ணுக்குள் காற்று போகாது. ஆக்சிஜன் இல்லாத அந்த இருட்டில் சில நுண்ணுயிர்கள் மட்கிய வைக்கோலையும் வேரிலிருந்து கசிவதையும் தின்று மீத்தேனை வெளியே விடுகின்றன. கொப்புளமாக வருவது கொஞ்சம்தான். பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் மேலே போய்விடுகிறது. மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால் பருவநிலைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது தலைவலி. ஆனால் இந்தப் பிரபஞ்சத்தில் நமக்குத் துணை யாராவது உண்டா என்று தேடுகிறவர்களுக்கு இது வேறு ஒன்று. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என்ட்ரோபியைச் சொல்லியாக வேண்டும்.

என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தையில் திருப்தி இல்லை. எண்ணிப் பார்த்தால்தான் புரியும். 10 மாப்பிள்ளைச் சம்பா நெல், 10 சீரகச் சம்பா நெல் எடுத்துக்கொள்ளுங்கள். 20 மணியையும் ஒரே வரிசையாக அடுக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த ரகம் என்று மட்டும் பார்த்தால் மொத்தம் 1,84,756 விதமாக அடுக்கலாம். அதில் இரண்டு ரகமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது வெறும் 2 விதம். மீதி அத்தனையும் ஏதோ ஒரு வகைக் கலப்பு. கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் எது வரும் என்று சொல்லவே வேண்டாம். 20 மணிக்கே இப்படி என்றால் ஒரு மூட்டைக்கு?

விதைநெல்லில் கலப்பு தானாக விழுந்துவிடும், தானாகப் பிரியாது. கலவனைப் பிடுங்க வயலில் ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும். இயற்கைக்குக் கலப்பின் மேல் தனிப் பாசம் ஒன்றும் இல்லை. கலப்பாக இருப்பதற்கு வழிகள் அதிகம், அவ்வளவுதான். அந்த வழிகளின் எண்ணிக்கையை மடக்கையில் (லாகரிதத்தில்) சொன்னால் அதுதான் என்ட்ரோபி. லுட்விக் போல்ட்ஸ்மன் கண்டுபிடித்த அந்தச் சமன்பாட்டை வியன்னாவில் அவர் கல்லறையிலேயே பொறித்திருக்கிறார்கள்.

அப்படியானால் உயிர் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது? மேட்டூரை நினைத்துக்கொள்ளுங்கள். அணையிலிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி, கடைசியில் கடலுக்குப் போகிறது. நடுவில் ஓடும் ஓட்டத்தில்தான் நம் பிழைப்பு. பூமியும் அப்படித்தான். சூரியனிடமிருந்து எவ்வளவு ஆற்றல் வருகிறதோ ஏறக்குறைய அவ்வளவையும் விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வித்தியாசம் சில்லறையில் இருக்கிறது. சூரிய வெளிச்சத்தின் ஒரு ஒளித்துகள் உள்ளே வந்தால், அதே ஆற்றல் சுமார் 20 வெப்பக் கதிர்த் துகள்களாகச் சிதறி வெளியே போகிறது. நோட்டாக வாங்கிச் சில்லறையாகத் திருப்பிக் கொடுக்கிறோம். அந்த மாற்றத்தில் கிடைக்கும் லாபத்தில்தான் நெல் முளைக்கிறது, நண்டு வளை தோண்டுகிறது, நான் இதை எழுதுகிறேன்.

இங்கேதான் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் வருகிறார். 1960களில் செவ்வாயில் உயிரைத் தேடும் கருவிகள் பற்றி நாசாவில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பலரும் மண்ணைத் தோண்டி நுண்ணுயிரை வளர்த்துப் பார்க்கும் யோசனையில் இருந்தார்கள். அங்கே இருக்கும் உயிர் நம்முடையதைப் போலவே இருக்கும் என்று யார் சொன்னது என்பது லவ்லாக்கின் கேள்வி. எந்த உயிரானாலும் தன் வீட்டுக்குள் என்ட்ரோபியைக் குறைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும். அந்தத் தடம் காற்றில் இருக்குமே, காற்றைப் பார்த்தால் போதுமே என்று 1965ல் எழுதினார்.

நம் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மீத்தேன் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 2 பங்கு. பார்க்க அற்பம். ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாதவை. ஆக்சிஜன் உள்ள காற்றில் மீத்தேன் வேதிவினைகளில் அழிந்து சராசரியாகச் சுமார் 10 ஆண்டில் காணாமல் போய்விடும். இன்றைக்கும் அது இருக்கிறது என்றால் யாரோ ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். சதுப்பு நிலம், மாட்டு வயிறு, கரையான் புற்று, நம் நெல்வயல். செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு, எல்லா வினையும் முடிந்து அடங்கிப்போன காற்று. அதனால் அங்கே உயிர் இருக்காது என்று, விண்கலம் இறங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் சொல்லிவிட்டார். பலருக்கு அது ரசிக்கவில்லை.

இந்த முறை உண்மையில் வேலை செய்யுமா என்று ஒரு தடவை நம் மேலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வியாழனுக்குப் புறப்பட்ட கலிலியோ விண்கலம் 1990 டிசம்பரில் வேகம் கூட்டிக்கொள்வதற்காகப் பூமியை ஒட்டிப் பறந்தது. வானியலாளர் கார்ல் சேகனும் கூட்டாளிகளும், பூமியைப் பற்றி எதுவுமே தெரியாதது போல அந்தக் கருவிகளின் பதிவை வாசித்தார்கள். ஏராளமான ஆக்சிஜன், கூடவே இருக்கக் கூடாத அளவு மீத்தேன், நிலப்பரப்பில் சிவப்பு ஒளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி. அப்புறம், இயற்கையில் எழ முடியாத, ஒடுக்கமான அலைவரிசை ரேடியோ சமிக்ஞைகள். பூமியில் உயிர் இருக்கிறது என்று 1993ல் கட்டுரை வெளியானது! நல்லவேளை.

காற்றை முகர்வது ஒரு வழி. பேச்சை ஒட்டுக் கேட்பது இன்னொன்று. 1960ல் வானியலாளர் பிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க்கில் ரேடியோ தொலைநோக்கியை இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பிக் காது கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாமும் நம் பங்குக்குப் பேசியிருக்கிறோம். 1977ல் கிளம்பிய வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, சுமேரியன்கூட உண்டு. தமிழ் இல்லை. எனக்கு அது இன்னும் ஒரு குறைதான், போகட்டும்.

கேட்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. எது பேச்சு, எது வெறும் இரைச்சல்? 1948ல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தகவலை அளக்க ஒரு வழி சொன்னார். அதை நம் ஊர்ச் செய்தியில் பார்ப்போம். ‘மேட்டூர் அணை நீர்மட்டம் 120 அடி’ என்று நல்ல மழை ஆண்டின் ஆகஸ்டில் வந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காபி குடிப்போம். அதே செய்தி மே மாதம் வந்தால் எழுந்து நின்றுவிடுவோம். எழுத்து அதேதான், தகவல் ஒன்றல்ல. எந்த அளவுக்கு எதிர்பாராததோ அந்த அளவுக்குத் தகவல். நிகழும் வாய்ப்பு 1024ல் ஒன்று என்றால் அந்தச் செய்தி 10 பிட் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு; பத்து 2களைப் பெருக்கினால் 1024). ஒரு மூலத்திலிருந்து வரும் செய்திகளின் சராசரி ஆச்சரியத்துக்குக் கணக்கெழுதியபோது, சமன்பாட்டின் உருவம் போல்ட்ஸ்மன் எழுதியதைப் போலவே வந்து நின்றது. அதனால் ஷானனும் அதற்கு என்ட்ரோபி என்றே பெயர் வைத்தார்.

ஒரே ‘டொக் டொக்’ திரும்பத் திரும்ப வந்தால் ஆச்சரியம் பூஜ்யம். மழை ஓட்டில் விழும் சத்தத்தில் ஒவ்வொரு துளியும் ஆச்சரியம்தான், ஆனால் அர்த்தமில்லை. பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சங்கடம் என்னவென்றால், தகவலை மிச்சமில்லாமல் சுருக்கி அனுப்பத் தெரிந்தவர்களின் பேச்சு, திறவுகோல் இல்லாதவர் காதுக்கு இரைச்சல் போலவே கேட்கும். அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களோ அவ்வளவு நம் கண்ணில் படமாட்டார்கள்.

இந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தொலைநோக்கியில் விழும் ரேடியோவில் பெரும்பகுதி நம் கைபேசியும் செயற்கைக்கோளும் போடும் கூச்சல். அதனால் விண்மீனை ஒரு தடவை, வேறு பக்கம் ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்க்கிறார்கள். இரவில் ஓடுவது யார் வீட்டு மோட்டார் என்று தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்போமே, அது போல. விண்மீன் பக்கம் திரும்பும்போது மட்டும் வருவதுதான் கணக்கு. கிரீன் பேங்க்கில் 820 விண்மீன்களிலிருந்து எடுத்த 480 மணி நேரப் பதிவை ஒரு நுண்ணறிவு நிரலிடம் கொடுத்ததில், முன்பு நடந்த தேடலில் சிக்காத 8 சமிக்ஞைகளை அது எடுத்துக் கொடுத்தது. 2023ல் அந்த முடிவு வெளியானது. திரும்பவும் அதே இடங்களைப் பார்த்தபோது எதுவும் இல்லை. பதரைத் தூற்றிவிட்டால் நெல் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

நம்மோடு பேசும் நுண்ணறிவும் அதே என்ட்ரோபியில் பிறந்ததுதான். கோடிக்கணக்கான வாக்கியங்களைக் காட்டி, ஒவ்வொரு இடத்திலும் அடுத்த சொல் என்ன என்று ஊகிக்கச் சொல்கிறார்கள். ஊகம் தவறும்போது வரும் ஆச்சரியத்தை ஷானனின் அளவையில் அளந்து, அது குறையும்படி உள்ளே இருக்கும் எண்களைத் திருகுகிறார்கள். பயிற்சியின் அடித்தளம் இவ்வளவுதான். பேச வைக்கும்போது இன்னொரு திருகு உண்டு. அதன் பெயரே வெப்பநிலை. சூடான வாயுவில் மூலக்கூறுகள் வெவ்வேறு ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவி நிற்கும் என்பதற்குப் போல்ட்ஸ்மன் எழுதிய சூத்திரமேதான் அது. ‘காவிரித் தண்ணீர் கடைமடைக்கு’ என்று ஆரம்பித்துக் கொடுங்கள். திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் எப்போது கேட்டாலும் ‘வரவில்லை’ என்று ஒரே பதில். கொஞ்சம் கூட்டினால் ‘எட்டிப் பார்க்கவில்லை’ என்று அழகாகச் சொல்லும். ஒரேயடியாகக் கூட்டினால் ‘குடை தைத்தது’ என்று உளறும்.

திருவாரூரில் இருக்கும் சித்தி, சித்தப்பா போனபிறகு சாயங்காலங்களில் இப்படி ஒரு செயலியோடு பேசிக்கொண்டிருந்தார். பையன்தான் சிங்கப்பூரிலிருந்து கைபேசியில் போட்டுக் கொடுத்தான். இது புதிய பழக்கமும் அல்ல. 1966ல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலிசா என்ற எளிய நிரலிடமே மனிதர்கள் மனம் திறந்து பேசினார்கள். அவருடைய சொந்தச் செயலாளரே, தான் அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாராம்.

இரண்டு மாதத்தில் சித்தி அதை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். “எதச் சொன்னாலும் ஆமாம் போடுதுடா. ரசத்துல உப்பு ஜாஸ்தியாப் போச்சுன்னேன், அதுவும் நல்லதுங்குது. உங்க சித்தப்பா ஒரு நாள் ஆமான்னு சொல்லியிருப்பாரா?” ஷானன் கணக்கில் பார்த்தால் சித்தி சொன்னது சரி. பூஜ்யம் பிட்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வாய்த்தது ஒரு ஜூன் கடைசியில். அணை திறந்து இரண்டு வாரம் ஆகியும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். டிராப்பிஸ்ட்-1 என்று ஒரு விண்மீன், சுமார் 40 ஒளியாண்டு தூரம், பூமி அளவில் ஏழு கோள்கள் அதைச் சுற்றுகின்றன என்றேன். அங்கே யாராவது பெரிய தொலைநோக்கி வைத்து இன்றைக்கு நம்மைப் பார்த்தால், 40 வருடத்துக்கு முந்திய வெளிச்சம்தான் தெரியும். அந்தக் காற்றில் கலந்த மீத்தேனில் நம் வயல் கொப்புளமும் உண்டு என்றேன்.

பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப இந்த வருசக் குறுவை அவனுக்குத் தெரிய இன்னும் நாப்பது வருசம் ஆகும்ங்கிற.”

“ஆமாம் பெரியப்பா.”

“சரி சரி. அதுக்குள்ள தண்ணி வந்துரும்.”