கஞ்சா வழக்கில் காவலர் பணம் கேட்டால் என்ன செய்வது?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். பெங்களூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை ஜூஜூவாடியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரியில் சென்னைக்கும் சேலத்துக்கும் பிரிகிறது. கஞ்சா கடத்துகிறவர்களுக்கு இப்படிப்பட்ட சாலை வசதி. இரவெல்லாம் கண்விழித்து வண்டிகளைச் சோதிக்கும் காவலர்களின் உழைப்பு, அவர்களில் ஒருவர் கை நீட்டினாலும் வீணாகிவிடுகிறது.

லஞ்சம் எங்கே நுழைகிறது என்று தெரிய, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையைப் பார்க்கும் விதத்தை அறிய வேண்டும். கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவு என்றால் அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் போனால் 10 ஆண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். ஆகவே கஞ்சா வழக்கில் தராசுதான் தலையெழுத்து. தராசைப் படித்து எழுதும் பேனாவுக்குத்தான் விலை பேசுகிறார்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக் கூலி வேலை செய்யும் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரவு ஒன்பது மணிக்கு, “உங்கள் பையனிடம் பொட்டலம் பிடித்திருக்கிறோம், வந்து பேசுங்கள்” என்று போன் வருகிறது. போனால், “ஐம்பதாயிரம் கொடுத்தால் எடையைக் குறைத்து எழுதிவிடலாம், அம்மா” என்கிறார்கள். அவர் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்கு ஓடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். இது போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. கையில் இருக்கும் பைக்கு இந்த விதி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. கைது, பறிமுதல் பற்றிய அறிக்கை 48 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். பிடிபட்ட சரக்கின் பட்டியலுக்கு மாஜிஸ்திரேட் சான்று தர வேண்டும். மாதிரியும் அவர் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும். பறிமுதல் சரக்கு களவு போவதையும் மாற்றப்படுவதையும் கண்டு கவலைப்பட்ட உச்ச நீதிமன்றம், 2016-இல் இதை அழுத்திச் சொன்னது. வழக்கறிஞர் வந்ததும் வீடியோ, மகஜர் (பறிமுதல் விவரத்தைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதிய ஆவணம்), மாஜிஸ்திரேட் சான்று மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். எடையில் கை வைத்திருந்தால் பெரும்பாலும் இவற்றில்தான் அது தெரியவரும்.

இனி பணம் கேட்டவர் விஷயம். ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2018-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் கொடுத்துவிட்டால் அவர் மீது குற்றம் இல்லை. இந்த ஏழு நாள் கணக்கு தெரியாமல், “நாமும்தானே கொடுத்தோம்” என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறவர்களே அதிகம். கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்வது இன்னும் நல்லது.

சொல்ல வேண்டிய இடம், மாவட்டத்திலேயே இருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகம். அங்கே லஞ்சமாகக் கொடுக்கப்போகும் நோட்டுகளின் எண்களை எழுதிக்கொண்டு, ஃபினாப்தலின் பொடி தடவிக் கொடுப்பார்கள். வேறு துறை அரசு ஊழியர்கள் சாட்சியாக உடன் வருவார்கள். வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறமற்ற நீர் இளஞ்சிவப்பாக மாறும். கையும் களவுமாகப் பிடிக்கும் இவ்வகை வழக்கில் விசாரணையைத் தொடங்க அரசின் முன் அனுமதி தேவையில்லை.

தெருமுனையில் பொட்டலம் விற்பவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறவர்களின் பயம் வேறு: “ஸ்டேஷனில் சொன்னால் அவனுக்கே தெரிந்துவிடும்.” தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது போதைப்பொருள் சட்டத்தின் 68-ஆவது பிரிவு. ஆனால் மாமூல் வாங்கும் ஒருவர் தானாகவே போய்ச் சொல்வதை இந்தப் பிரிவு தடுக்காது. அதனால் உள்ளூர் நிலையத்தின் மேல் சந்தேகம் இருந்தால் அங்கே போக வேண்டாம். தமிழ்நாடு காவல்துறையின் 10581, மத்திய அரசின் 1933 ஆகிய எண்களுக்குச் சொல்லலாம். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகவும் கொடுக்கலாம். பகைக்காகப் பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைக் கைது செய்ய வைத்தால், சொன்னவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு.

கடத்தலுக்கு வேண்டுமென்றே துணை போகும் அதிகாரிக்கு, இதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. 20 கிலோவுக்கு மேல் கடத்துகிறவனுக்கு உள்ள அதே தண்டனை! ஆனால் இந்தப் பிரிவில் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். இந்தத் தடை எனக்கு உடன்பாடில்லை. காவலரைக் காக்கும் கவசமே கறுப்பு ஆட்டையும் காக்கிறது.

அந்தத் தாய்க்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லஞ்சப் புகார் கொடுத்ததால் மகன் மீதான வழக்கு போய்விடாது. அதற்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும், எண் 15100. பையன் பழக்கத்துக்கு அடிமையாகி, பிடிபட்டதும் சிறு அளவாக இருந்தால், அவனே முன்வந்து சிகிச்சை கேட்டு, அதை முழுமையாக எடுத்துக்கொண்டால் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவனை வழக்கிலிருந்து காக்கும். போதை மீட்பு உதவிக்கு 14446.