நல்கை: சொல் விளக்கம்

ஒரு பல்கலைக்கழகமோ அரசோ அறக்கட்டளையோ, திருப்பிச் செலுத்த வேண்டாத ஒரு தொகையை, இன்ன ஆய்வுக்கு, இன்ன காலத்துக்குள் என வரையறுத்து ஆய்வாளருக்கு அளிப்பதை ஆங்கிலத்தில் ‘கிராண்ட்’ என்பர். தமிழில் இதற்கு மானியம், நிதியுதவி, நன்கொடை, உதவித்தொகை, நல்கை, நிதிநல்கை எனப் பல சொற்கள் ஒரே அறிவிப்பில்கூட மாறி மாறி வருகின்றன. வெவ்வேறு நாடுகளையும் வெவ்வேறு துறைகளையும் சேர்ந்தோர் கூடிச் செய்யும் ஆய்வுகளுக்குப் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்கும் வழக்கம் பெருகியிருக்கும் நிலையில், ஒப்பந்தத்திலும் விண்ணப்பத்திலும் கணக்கறிக்கையிலும் ஒரே பொருளை ஒரே சொல்லால் குறிப்பது அவசியமாகிறது. அதற்கு ஏற்ற சொல் நல்கை.

ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், ‘நம்பு’ என்னும் பொருள் தரும் ‘கிரேடெரே’ என்ற இலத்தீன் வினை. கடனைக் குறிக்கும் ‘கிரெடிட்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கடன் கொடுப்பவர் பணம் திரும்பி வரும் என்று நம்புகிறார். ஆய்வுக்குப் பணம் கொடுப்பவரோ, முடிவு என்னவாகும் என்பது எவருக்கும் தெரியாத நிலையில், ஆய்வாளரின் திறனையும் நேர்மையையும் நம்பிக் கொடுக்கிறார்.

மானியம் என்பது ‘மதிப்புக்குரியது’ என்னும் பொருளுடைய ‘மான்ய’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். கோயில் பணியாளருக்கும் ஊர்ப் பணியாளருக்கும் வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலத்துக்கு அது பெயராக நின்றது. பிற்காலத்தில் அரசின் பண ஒதுக்கீட்டுக்கும் அதுவே பெயராயிற்று; சட்டமன்றத்தில் துறைவாரியாக நடக்கும் ‘மானியக் கோரிக்கை மீதான விவாதம்’ அந்தப் பொருளில் அமைந்ததே. ஆனால் இன்று பொதுமக்கள் மனத்தில் மானியம் என்றவுடன் தோன்றுவது உர மானியமும் எரிவாயு மானியமும், அதாவது ஒரு பொருளின் விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்ளும் சலுகை. ஆங்கிலத்தில் இதற்கு ‘சப்சிடி’ என்ற தனிச்சொல் உண்டு; தமிழில் இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. போட்டியிட்டு, வல்லுநர் மதிப்பீட்டுக்கு உட்பட்டுப் பெறும் ஆய்வுத் தொகையைச் சலுகைபோலத் தோன்றச் செய்வது அந்த உழைப்புக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நிறுவனப் பெயர்களில் இந்தத் தடுமாற்றம் தெளிவாகத் தெரியும். பிரிட்டனில் 1919-இல் பல்கலைக்கழகங்களுக்கான நிதிக்குழு ஒன்று தோன்றியது. இந்தியாவில் அத்தகைய ஆணையம் 1953-இல் தொடங்கி, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டப்படியான அமைப்பாயிற்று. தமிழில் அது ‘பல்கலைக்கழக மானியக் குழு’ என்றும், ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ என்றும், ‘பல்கலைக்கழக நிதிநல்கைக் குழு’ என்றும் எழுதப்படுகிறது. இலங்கையில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அமைப்புக்கு ‘பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு’ என்று பெயர். நிலைபெற்ற பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். புதிதாக எழுதும் இடங்களில் நல்கை என்பதையே ஆள வேண்டும்.

நல்கை, ‘நல்கு’ என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். தொகு என்பதிலிருந்து தொகையும், வகு என்பதிலிருந்து வகையும் அமைந்ததுபோல இதுவும் அமைந்தது. கொடுத்தல், அருளுதல், அன்பு காட்டுதல் ஆகிய மூன்றும் இவ்வினையின் பொருள்கள். ‘நசைபெரி துடையர் நல்கலும் நல்குவர்’ என்று குறுந்தொகையின் 37-ஆம் பாட்டில் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். பிரிந்து சென்றவர் அன்புடையவர், அவர் அருள் செய்யாமல் இரார் என்பது அவள் உறுதி. ‘நல்குவர் என்னும் நசை’ என்று திருக்குறளும் 1156-ஆம் குறளில் இதே வினையை எதிர்பார்ப்போடு இணைத்துப் பேசுகிறது. கொடுப்பவரின் நல்லெண்ணமும் பெறுபவரின் நம்பிக்கையும் இச்சொல்லுக்குள் முதலிலிருந்தே இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் வேரில் உள்ள நம்பிக்கைக்கு இவ்வளவு அருகில் வரும் வேறு தமிழ்ச்சொல் எனக்குத் தென்படவில்லை.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகப் பிரித்துவிடலாம். நன்கொடையில் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை, நல்கையில் உண்டு. உதவித்தொகை மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு உரியது. நிதியுதவி என்பது எல்லாவற்றையும் அடக்கும் பொதுச்சொல்.

கூட்டாய்வில் இந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு கட்டமாக வருகிறது. முதலில், வெவ்வேறு நாட்டவர் சந்தித்துப் பேசவும், சிறு முன்னோட்ட ஆய்வு செய்யவும் பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து ஒரு சிறு தொகை தருகிறது; மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் தன் பேராசிரியர்கள் பிற நாட்டாருடன் புதிதாகக் கூட்டுச் சேர்வதற்குத் தரும் தொகை இத்தகையது. இதனை விதை நல்கை எனலாம். அதன் பயனாகக் கிடைத்த தொடக்கத் தரவுகளைக் காட்டித்தான் பெரிய நல்கைக்கு விண்ணப்பிக்க முடிகிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் ‘சினர்ஜி’ நல்கை இரண்டு முதல் நான்கு முதன்மை ஆய்வாளர் கொண்ட குழுவுக்கு 6 ஆண்டுகள் வரை உரியது; 1989-இல் தொடங்கி ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து இயங்கும் மனித எல்லை அறிவியல் திட்டம், உயிரியல் கேள்விகளுக்காக இயற்பியல், வேதியியல், கணினியியல் ஆகியவற்றிலிருந்தும் ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்ளும் பன்னாட்டுக் குழுக்களுக்கு நல்கை தருகிறது. இரு தரப்பும் பங்கிட்டுத் தரும்போது மறுதரப்பு இடும் பங்கை இணைநிதி என்பது பொருந்தும். அதையும் நல்கை என்றால் யார் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது மயங்கும்.

அடைமொழிகளிலும் கவனம் தேவை. ‘சர்வதேச’ என்பது எல்லா நாடுகளையும் சுட்டுகிறது. கூட்டாய்விலோ சில நாடுகளே சேர்கின்றன. எனவே பன்னாட்டு என்பது நன்று, இரு நாடுகள் மட்டுமாயின் இருநாட்டு என்பது இன்னும் நன்று. பல்துறை ஆய்வு, துறையிடை ஆய்வு என்னும் இரண்டும் ஒன்றல்ல. 1970-இல் நீஸ் நகரில் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் ஆதரவில் நடந்த கருத்தரங்கின் அறிக்கை, துறைகள் தம்முள் கலவாமல் அருகருகே நிற்பதையும், ஒன்றன் கருத்தும் முறையும் மற்றொன்றினுள் புகுந்து செயல்படுவதையும் வேறுபடுத்திக் காட்டியது. மருத்துவர் நோயையும் பொருளியலாளர் செலவையும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே அறிக்கையில் சேர்த்தால் அது பல்துறை ஆய்வு. நோய் பரவும் கணக்கிலேயே மக்களின் வருமானமும் வேலைநிலையும் உறுப்பாக அமைந்தால் அது துறையிடை ஆய்வு. துறையிடை ஆய்வுக்கென ஒதுக்கிய நல்கையை மதிப்பிடுவோர் தேடுவது இரண்டாவதைத்தான். அறிவிப்பில் பல்துறை என்று மொழிபெயர்த்துவிட்டால், விண்ணப்பிப்பவர் தம்மிடம் கேட்கப்படாத ஒன்றை எழுதி அனுப்பி, தகுதியிருந்தும் வாய்ப்பை இழக்கக்கூடும்.

ஆக, இத்திட்டங்களின் முழுப்பெயரைத் தமிழில் ‘பன்னாட்டுத் துறையிடைக் கூட்டாய்வு நல்கை’ என்று எழுதலாம். தருபவர் நல்குநர், பெறுபவர் நல்கைபெறுநர், பணம் பகுதி பகுதியாக விடுவிக்கப்படும்போது முதல் தவணை நல்கை, இரண்டாம் தவணை நல்கை எனக் குறிக்கலாம். ‘நிதிநல்கை’ என்பதும் பிழையன்று. ஆயினும் பணத்துக்குப் பதிலாக ஆய்வுக் கருவியோ கணினி நேரமோ வழங்கப்படும் இடங்களில் அது பொருந்தாது. நல்கை என்று மட்டும் சொன்னால் அவையும் அடங்கும்.