பிழைச் செய்தி வரவில்லை, பெயர்களைத்தான் காணவில்லை

தமிழ்ப் பெயர்கள் அடங்கிய உரைக்கோப்பை ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தொகுத்த சிறு நிரல்) படிக்கத் தகராறு செய்கிறது என்று யாராவது அழைத்தால், நான் முதலில் கேட்பது "எந்த பவர்ஷெல்?" என்றுதான். பலருக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படுகிறது. பவர்ஷெல் என்பது கட்டளைகளை எழுதி இயக்கும் கருவி. அதில் விண்டோஸுடன் சேர்ந்தே வருவது 5.1 பதிப்பு. நாமாக நிறுவிக்கொள்வது 7. இரண்டிலும் கோப்பைப் படிக்கும் கட்டளை கெட்-கன்டென்ட்தான், ஆனால் படிக்கும் முறை ஒன்றல்ல. எழுத்துகளை எண்களாக, அதாவது பைட்டுகளாகச் சேமிக்கும் முறைதான் குறியேற்றம். அதைக் காட்டும் அடையாள பைட்டுகள் கோப்பின் தலையில் இல்லாவிட்டால், 7 கோப்பை எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். 5.1 அதைக் கணினியின் பழைய ஆன்சி குறியேற்றம் என்று முடிவுகட்டிவிடும். நம் அலுவலகக் கணினிகளில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற குறியேற்றம்.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். 'த' என்ற ஒரே எழுத்தை 5.1 மூன்றாக உடைத்துக் காட்டும்: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், நான்கு மூலைகளிலும் கால் நீட்டிய ஒரு குட்டி வட்டம். திரை முழுக்கச் சாய்கோட்டு ஏக்கள் வரிசைகட்டி நின்றால் பதற்றம் வேண்டாம். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, பார்க்கும் கண்ணாடிதான் தவறு. என்கோடிங் என்ற தெரிவில் யூடிஎஃப்8 எனக் குறிப்பிட்டு மறுபடி படித்தால் பெயர்கள் வந்துவிடும்.

பயப்பட வேண்டியது கேள்விக்குறிக்கு. இணையத்தில் கிடைத்த ஒற்றை வரிக் கட்டளையை ஒட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். படிக்கும்போது என்கோடிங் சொல்லியிருப்பார்கள், திரையிலும் தமிழ் அழகாகத் தெரியும். செட்-கன்டென்ட் கொண்டு திரும்ப எழுதும்போது சொல்ல மறந்திருப்பார்கள். 5.1 ஆன்சியில் எழுதும், 1252இல் தமிழுக்கு இடமே இல்லை. எனவே 'முருகன்' ஏழு கேள்விக்குறிகளாகிவிடுவார். கண்ணுக்கு நான்கெழுத்துதான், ஆனால் இரண்டு உகரக் குறிகளுக்கும் கடைசிப் புள்ளிக்கும் தனித்தனி எண்கள் உண்டு. எழுதியது அதே கோப்பின் மேல் என்றால் கதை முடிந்தது, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இதற்கெல்லாம் ஒரு பிழைச் செய்திகூட வராது. மூலக்கோப்பின் மேலேயே எழுதும் ஸ்கிரிப்டை யார் கொண்டுவந்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வேறு பெயரில் எழுது, திறந்து பார், பிறகு மாற்று.

எழுதும்போது என்கோடிங் சொன்னாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 5.1 யூடிஎஃப்-8 என எழுதினால் தலையில் அந்த மூன்று அடையாள பைட்டுகளையும் சேர்த்தே எழுதும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இருமுறை சொடுக்கி எக்செலில் திறக்கிறவர்களுக்கு அது நல்லது, தமிழ் சரியாகத் தெரியும். அதே கோப்பு லினக்ஸ் சர்வருக்குப் போனால், முதல் நெடுவரிசையின் தலைப்போடு அந்தக் கண்ணுக்குத் தெரியாத பைட்டுகள் ஒட்டிக்கொண்டு, "பெயர் என்ற நெடுவரிசையே இல்லை" என்று நிரல் அடம்பிடிக்கும். அடுத்துப் படிக்கப்போவது யார் என்று கேட்காமல் கோப்பை எழுதக் கூடாது.

லினக்ஸ் பக்கம் தமிழ் சிக்கல் குறைவு என்று மார்தட்டுகிறவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். லினக்ஸின் கட்டளைக் கருவியான பாஷில், ரீட் கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் வொயில்-ரீட் சுழலால் கோப்பை வரிவரியாகப் படிப்பது எல்லோரும் செய்வது. கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுறிவு இல்லையென்றால், ரீட் அந்த வரியை மாறியில் (மதிப்பை வைத்திருக்கும் இடத்தில்) போட்டுவிட்டு "தோற்றேன்" என்று திரும்பும். சுழலும் அத்தோடு நின்றுவிடும். பட்டியலின் கடைசி ஆள் காணாமல் போவார். அகரவரிசைப் பட்டியல் என்றால், மாதாமாதம் விடுபடுவது ஏறத்தாழ அதே ஆளாகத்தான் இருக்கும்.

சரிபார்க்கிறேன் என்று டபிள்யூசி கட்டளையில் வரிகளை எண்ணுகிறவரையும் இது ஏமாற்றும். அது எண்ணுவது வரிமுறிவுகளை. ஆகவே அதுவும் ஒன்று குறைவாகவே சொல்லும், சுழல் செயலாக்கிய எண்ணிக்கையோடு கச்சிதமாகப் பொருந்தும், கணக்குச் சரி என்று கையெழுத்தும் விழும். தேடும் கட்டளையான கிரெப்புக்கு வெற்றுத் தேடல் வடிவத்தைக் கொடுத்து, சி தெரிவால் எண்ணினால் கடைசி வரியும் கணக்கில் வரும். சுழலைத் திருத்துவதும் எளிதுதான்: ரீட் தோற்றாலும் மாறியில் ஏதாவது இருந்தால் இன்னொரு சுற்று ஓட்டு என்று நிபந்தனையில் சேர்க்க வேண்டும். கூடவே ரீட்டுக்கு ஆர் தெரிவையும் கொடுங்கள், இல்லாவிட்டால் பின்சாய்கோடுகளை விழுங்கிவிடும்.

வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையின் வெளியீட்டை அம்புக்குறி போட்டு அதே கோப்புக்குத் திருப்புவதைப் பற்றியும் ஒரு வரி. சார்ட் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே கட்டளையை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். அதே கோப்பில் எழுதுவதற்கென்றே சார்ட்டில் ஓ என்ற தெரிவு இருக்கிறது.

டிஸ்கி, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளின் காலத்துக் கோப்புகள் கிடைத்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அவற்றில் இருப்பது யூடிஎஃப்-8க்கு அடிப்படையான யூனிக்கோடே அல்ல. முதலில் குறியேற்ற மாற்றி, பிறகுதான் ஸ்கிரிப்ட்.