நீர்நாய் சீண்டாத முள்ளெலிகள்

கெல்ப் என்பது குளிர்ந்த கடல்களில் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் பழுப்புப் பாசி. பாசி என்றதும் காலை வழுக்கிவிடும் பச்சைப் படலம்தான் ஞாபகம் வரும். இது அப்படியல்ல. ராட்சதக் கெல்ப் தோதான நீரில் நாளொன்றுக்கு அரை மீட்டர் வரைகூட வளர்ந்து, 30 மீட்டருக்கு மேல் நீண்டு, கடலுக்கடியில் காடாகவே நிற்கும்.

அந்தக் காட்டைத் தின்பது கடல் முள்ளெலி. பந்து போன்ற உடம்பெல்லாம் முள். வாய் அடிப்பக்கம், அதில் ஐந்து பற்கள். முள்ளெலி இருப்பதே தப்பு என்றில்லை. உதிர்ந்த பாசி போதுமான அளவு மிதந்து வந்து, தன்னைப் பிடித்துத் தின்னும் விலங்குகளும் சுற்றித் திரிந்தால், அது பாறை இடுக்கைவிட்டு அதிகம் நகராது. பசியும் துணிச்சலும் சேரும்போதுதான் வெளியே வருகிறது. கெல்ப்பின் அடியை அறுத்தால் போதும், மேலே உள்ள மொத்தமும் மிதந்து போய்விடும். பிறகு மிஞ்சுவது வெறும் பாறை, அதன்மேல் ஆயிரக்கணக்கில் முள்ளெலிகள்.

கலிஃபோர்னியாவின் வடக்குக் கரையில் இதுதான் நடந்தது. முள்ளெலிகளைத் தின்னும் கடல் நீர்நாய்கள், தோல் வணிகத்துக்காக வேட்டையாடப்பட்டு, அங்கே எப்போதோ அழிந்துவிட்டன. முள்ளெலிகளைக் கட்டுப்படுத்தி வந்தது ஒரு மீட்டர் அகலம்வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013-இல் பரவத் தொடங்கிய நோயில் அதுவும் உருக்குலைந்து செத்தது. அப்புறம் 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை. சூடான மேல்நீரில் நைட்ரேட் சத்து குறைவு. கெல்ப் நலிந்தது, உதிர்பாசி வரத்தும் குறைந்தது. சுமார் 350 கிலோமீட்டர் கரையில் 90 சதவீதத்துக்கு மேல் கெல்ப் காணாமல் போனது.

அதே வெப்பம் தெற்கே மான்டரே விரிகுடாவையும் தாக்கியது. ஆனால் அங்கே நீர்நாய்கள் இருந்தன. தோலுக்கடியில் கொழுப்புப் படலம் இல்லாத பிராணி அது. குளிரைத் தாங்க, தினமும் தன் எடையில் கால் பங்கு தின்றாக வேண்டும். முள்ளெலிகள் பெருகியதும் அவற்றை முன்னைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தின்றன.

சரி, அப்படியானால் மொட்டைப் பாறைகளில் காடு திரும்பியிருக்க வேண்டுமே? இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். மொட்டைப் பாறையில் கிடக்கும் முள்ளெலி பட்டினியிலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை; முட்டைப்பை சுருங்கிப் போயிருக்கும். நீர்நாய் அதை உடைத்து என்ன செய்யும்? கெல்ப் மிச்சமிருந்த திட்டுகளில் கொழுத்த முள்ளெலிகளாகப் பார்த்துத் தின்றது. அந்தத் திட்டுகள் பிழைத்தன. மொட்டையான இடம் மொட்டையாகவே கிடந்தது.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவிலும் கதை ஏறக்குறைய இதேதான். முன்பு அங்கே குளிர் தாங்காத நீள்முள் முள்ளெலியின் குஞ்சுகள், இப்போது வெப்ப நீரோட்டம் எட்டுவதால் பிழைக்கின்றன. வளர்ந்த முள்ளெலியை உடைக்கப் பெரிய சிங்கி இறாலால்தான் முடியும். மீனவர் வலைக்கும் கூண்டுக்கும் தப்பிய பெரியவை குறைவு என்பதால், ஆய்வாளர்கள் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். காட்டுக்குள் சிறு திட்டாக மொட்டை விழுந்திருந்த இடத்தில் பாசி மீண்டும் தலைகாட்டியது. பரந்து மொட்டையான இடத்தில் எத்தனை சிங்கி இறாலை விட்டும் பாறை அப்படியே இருந்தது.