உடம்பு குறைஞ்சு தொங்குற தோலை எடுக்க காப்பீடு: அலைய விடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நாப்பது அம்பது கிலோ குறைச்சவங்களுக்கு வயித்துக்குக் கீழ மடிஞ்சு தொங்குற தோல் இருக்கே, அதை எடுக்கணும்னு போய் நின்னா "அது அழகுக்கு பண்றது, காப்பீட்டு கார்டு செல்லாது"ன்னு சொல்லி அனுப்பிடுதாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலை பக்கத்துல ஒரு அக்காவுக்கு அந்த மடிப்புக்குள்ள எப்பவும் புண்ணு, நம்ம ஊர் வேர்வைக்கு பவுடர் எங்க நிக்குது, பழைய வேட்டியைக் கிழிச்சு மடிப்புல சொருகிட்டுதான் பஸ் ஏறுவாங்க. அவங்களையும் இதே பதிலைச் சொல்லித்தான் அனுப்புனாங்க. அதை எழுதிக் குடுங்கன்னா மட்டும் யாருக்கும் பேனா கிடைக்காது.

முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். விஏஓ கிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகணும். சிக்கல் எங்கன்னா, கல்யாணம் ஆகி வந்த பொண்ணு பேரு இன்னும் அம்மா வீட்டு ரேஷன் கார்டுலயே கிடக்கும், புருஷன் வீட்டு கார்டைக் காட்டுனா ஆளே இல்லைம்பாங்க. அதை முதல்ல மாத்திட்டுப் போங்க.

கார்டு வந்துட்டா எல்லாம் ஆச்சுன்னு நினைக்காதீங்க. எந்த ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரில அனுமதின்னு தனி லிஸ்ட் உண்டு, அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேட்டு முன் அனுமதி வாங்கணும். நம்ம ஆளுங்க பாதி பேரு நேரா திருவனந்தபுரத்துக்கு ஓடிடுவாங்க, காசு கட்டி பண்ணிட்டு பில்லைத் தூக்கிட்டு இங்க வந்து நிப்பாங்க. ஆஸ்பத்திரிக்கே நேரா பணம் போற கேஷ்லெஸ் திட்டத்துல அந்த பில்லை வச்சு என்ன பண்ண?

சொந்தமா பாலிசி எடுத்தவங்க இதைக் கவனிங்க. அழகு சிகிச்சைக்கு பணம் கிடையாதுன்னு போட்டிருக்கிற அதே விதியிலதான், உடம்புக்கு நேரடியா உடனே ஆபத்து இருந்து, அதை நீக்குற அவசியமான சிகிச்சைன்னு பாக்குற டாக்டர் சான்று குடுத்தா கிடைக்கும்னும் இருக்கு. ஏஜெண்ட் முதல் பாதியை மட்டும்தான் வாசிச்சுக் காட்டுவாரு. அதனால டாக்டர் லெட்டர்ல தோல் எடுக்கணும்னு மட்டும் இருந்தா பத்தாது, திரும்பத் திரும்ப வர்ற பூஞ்சை தொற்று, புண், நடக்க முடியாதது, மருந்து போட்டும் கேக்காதது எல்லாம் இருக்கணும். வயிறு டைட் பண்ற டம்மி டக் வேற, தொங்குற தோலை மட்டும் வெட்டி எடுக்குற பானிகுலெக்டமி வேற, லெட்டர்ல டம்மி டக்னு வந்துட்டா அங்கேயே முடிச்சிடுவாங்க.

இதுல பெரிய தப்பு எங்க நடக்குதுன்னா மெடிக்கல் ஷாப்ல. வெக்கப்பட்டுட்டு வருஷக்கணக்கா அங்கயே களிம்பு வாங்கிப் போடுவாங்க, கடைசில கைல ஒரு சீட்டு இருக்காது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் தோல் ஓபியில காட்டுங்க, ஒவ்வொரு சீட்டையும் பத்திரமா வைங்க, மடிப்பைத் தூக்கிப் பிடிச்சு தேதியோட போட்டோ எடுத்து வைங்க. எடை சில மாசமா ஏறாம இறங்காம நிக்குதுன்னும் சீட்டுல எழுத வைங்க, அதை டாக்டரே கேப்பாரு. ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன்னு பொய்யா போட்டு முடிச்சுத் தாறேன்னு எவனாவது வந்தா நம்பாதீங்க, மாட்டுனா உங்க பேருதான் கெடும்.

மறுத்தா எழுத்துல கேளுங்க, வாயால சொன்னதை வச்சு எங்கயும் போக முடியாது. அரசு கார்டுன்னா 1800 425 3993, இல்ல திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுத்து ரசீது வாங்கிக்கிடுங்க. தனி பாலிசின்னா முதல்ல கம்பெனிக்கே புகார் எழுதணும், 30 நாள்ல பதில் வரலைன்னாலோ மறுத்தாலோ ஒரு வருஷத்துக்குள்ள சென்னைல உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், பீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.