கரைசல் கலங்கினால் நோயா? அரிவாள் செல் பரிசோதனையும் அதன்பின் கிடைக்கும் உரிமைகளும்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர், விரல் நுனியில் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துக் கரைசலில் விடுகிறார். தெளிவாக இருந்தால் கவலையில்லை. கலங்கிவிட்டாலோ, 'சிக்கிள் செல்' (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் பரம்பரைக் குறைபாடு) என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றிவிடும். பெண் கேட்டு வந்தவர்கள்கூடத் தயங்குவார்கள்.

அவசரப்பட வேண்டாம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குறைபாட்டுக்கான மரபணு வந்திருந்தாலும் கரைசல் கலங்கும். இருவரிடமிருந்தும் வந்திருந்தாலும் கலங்கும். முதல் வகையினர் தாங்கிகள். பொதுவாக அவர்களுக்கு மருந்தே தேவையில்லை. இரண்டாம் வகையினரே நோயாளிகள். இதைப் பிரித்துச் சொல்ல, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் என்ற ஆய்வகச் சோதனை வேண்டும். அந்த இரண்டாம் முடிவைத் தாளில் கேட்டு வாங்குங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கரைசல் சோதனை ஏமாற்றிவிடும்.

இந்தச் சோதனை தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் கீழ் இலவசம். 2023 ஜூலை 1-இல் தொடங்கிய இயக்கம் இது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடி பேரைச் சோதிப்பது இலக்கு. இந்தியாவில் இக்குறைபாடு முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-இல். இயக்கம் வர எழுபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நோய் உறுதியானவருக்கு மருத்துவர், இந்நோயில் திரும்பத் திரும்ப வரும் கடும் வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும் போலிக் அமிலமும் தருவார். வலி இல்லாத மாதத்திலும் ஹைட்ராக்சியூரியாவை நிறுத்தக் கூடாது; இடையிடையே ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குளிரும் நீர் குறைவும் வலியைக் கிளப்பும். மலையில் தாகம் எடுக்காது என்பதால் தண்ணீர் குடிக்காமல் தேயிலை பறிக்கப் போவதுதான் இங்கே பெரிய ஆபத்து. ரத்தசோகை என்றதும் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கலாம். காய்ச்சலோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இனி உரிமைகள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவமனை மருத்துவக் குழு, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்தால், உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. வேலைவாய்ப்பின் 4 சதவீத ஒதுக்கீட்டில் ரத்த நோய்கள் இல்லை. சட்டத்தில் உள்ள இந்த ஓட்டையைப் பலர் விண்ணப்பம் போட்ட பிறகுதான் அறிகிறார்கள். தாங்கிகளுக்கு இச்சான்று கிடையாது. சிகிச்சைக்காக வெளியூர் போகும் நோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ பயணச்சீட்டு எடுக்கும் முன் உரிய மருத்துவச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

தாங்கிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே கர்ப்பிணியின் ரத்தம் கலங்கினால் கணவரும் அதே வாரத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது உதவாது.